வந்தவர் பங்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மூன்றாவது நாளாக மழை விடவில்லை. வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் கரைத்துப் போகிறது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியறையில் மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. அந்த நேரத்தில்தான், நாங்கள் ஆடும் விண்வெளி விளையாட்டில், எங்கள் கூட்டத்தில் சேர வேண்டும் என்று புதிதாக ஒருவர் வந்து நின்றார். பன்னிரண்டு நிமிடத்தில் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான் பாய் என்றுதான் கூப்பிட்டேன். மேலப்பாளையத்தில் எத்தனையோ பாய்மார் இருந்தாலும் எனக்குப் பாய் என்றால் அவர் ஒருவர்தான்.

நான் ஊராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பாய்க்கு மேலப்பாளையத்தில் ஒரு கடை. நகல் எடுப்பது, பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது, விமான டிக்கெட் போடுவது. ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் முதலில் அவர் கடைக்குப் போனேன். கணினித் திரையில் கறுப்பு வானமும் நடுவில் ஒரு சின்னக் கப்பலும் இருந்தன. பாய் ஒலிவாங்கி வைத்த ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே, கடை நேரத்துல படம் பாக்கீரு?" என்றேன்.

"படம் இல்ல அண்ணாச்சி. ஒரு ஆளு வந்திருக்காவ. கூட்டிட்டு வரணும்."

"எங்கேருந்து?"

"ஆளு கோயமுத்தூரு. கப்பலு எங்கன நிக்குன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன். ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

அந்த ஐந்து நிமிஷம் இருபத்தேழு நிமிஷம் ஆயிற்று. பொழுது போகாமல் திரையைப் பார்த்தேன். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் ஆடுகிற விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு கப்பல். தாது வெட்டலாம், விற்கலாம், வாங்கலாம், பிறரை வழிமறித்துக் கொள்ளையும் அடிக்கலாம். கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பக் கிடைக்காது. புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் தொடக்க நிலையம் என்ற இடத்தில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து பாயின் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பதினொரு வாசல்களைக் கடந்து வர வேண்டும். வாசலுக்கு வாசல் கொள்ளைக்காரர்கள் நிற்பார்கள். பாய் தன் கப்பலோடு ஒரு வாசல் முன்னால் போவார், சுற்றிப் பார்ப்பார், பிறகு ஒலிவாங்கியில் "வாங்க" என்பார். கோயம்புத்தூர்க்காரர் வந்து சேர்வார். மறுபடி ஒரு வாசல். மறுபடி "வாங்க". பதினொரு தடவை அதே குரலில், சலிப்பில்லாமல், கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவர் மாதிரி.

பிறகு என் சான்றை முடித்துக் கொடுத்தார். காசை நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்களக் காக்க வச்சுட்டேன். காக்க வச்சவங்ககிட்டக் காசு வாங்கப்பிடாது."

எனக்குக் கோபம் தணியாததால் நானும் இன்னொரு முறை நீட்டவில்லை. ஆனால் அந்த இருபத்தேழு நிமிஷத்தில் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். "இந்த நிலையத்துல இரும்புத் தாது பன்னெண்டு காசு, அடுத்ததுல பதினேழு காசுன்னு போட்டிருக்கு. நடுவுல ஒரே ஒரு வாசல். யாரும் ஏன் வே இங்கன வாங்கி அங்கன கொண்டு விக்கல?"

பாய் நாற்காலியோடு திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்க கூட்டத்துல கணக்குப் பாக்க ஆளே இல்லாம கெடக்கோம்."

அவர் ஆள் சேர்க்கும் விதம் அப்படித்தான். விளம்பரம் கிடையாது, வற்புறுத்தல் கிடையாது. ஒருவரிடம் என்ன இருக்கிறதோ அது தன்னிடம் இல்லை என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் அந்த ஆள் தானாக வந்துவிடுவான். மகன் விட்டுப்போன கணினியில் நாலாம் நாள் நான் விளையாட்டை ஏற்றினேன். பெயர் கேட்டது. 'தணிக்கை' என்று வைத்தேன்.

முதல் நாள் சரியாக நான்கு மணிக்குப் பாயின் குரல் காதில் கேட்டது. எனக்கு முன்பே வந்து தொடக்க நிலையத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"சாப்பிட்டீயளா அண்ணாச்சி?"

"ஆச்சு."

"வீட்டுல சொல்லிட்டீயளா?"

"என்னத்தைச் சொல்லணும்?"

"ஒரு மணி நேரத்துக்கு ஆளு இருக்க மாட்டேன்னு. சொல்லிட்டு வாங்க, நிக்கேன்."

படியில் நின்று சொன்னேன். "இருந்து மட்டும் என்ன செய்யப் போறீய," என்று கீழேயிருந்து என் மனைவியின் பதில் வந்தது. அது ஒலிவாங்கி வழியாகப் பாய்க்கும் கேட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, "அனுமதி கெடச்சாச்சு" என்றார்.

புதிதாக வருகிற எவருக்கும் அவர் இரண்டு பொருள் கொடுப்பார். ஒன்று, ஒரு சின்னக் கப்பல். இரண்டாவது, அந்தக் கப்பல் பதினொரு வாசலையும் கடந்து மறுபடி தொடக்க நிலையத்துக்கே திரும்பிப் போவதற்கான எரிபொருள். "கூட்டிட்டுப் போறதுன்னா திரும்பி வாரதுக்கும் வழி கையில இருக்கணும் அண்ணாச்சி. எங்கள பிடிக்கலேன்னா யாரையும் கேக்காம நீங்க போயிரலாம்." விளையாட்டுக் காசை உண்மையான பணம் கொடுத்து வாங்கவும் ஏற்பாடு உண்டு என்பதால் நான் அன்று இரவே நம் பணத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கப்பல் பதினொரு ரூபாய். எரிபொருள் நான்கு ரூபாய்.

ஆறாவது வாசலில் பாய் நின்றார். "அண்ணாச்சி, இங்கன மூணு கொள்ளக்காரப் பயலுவ நிக்கானுவ. நீங்க பைய வாங்க."

"நிக்கான்னு தெரிஞ்சும் வரணுமா?"

"வாங்க. மொத கப்பலு இன்னைக்கே உடைஞ்சிரட்டும். பொறவு பயம் இருக்காது."

போனேன். உடைந்தது. அரைமணி நேரம் முன்பு இலவசமாக வந்த பொருள் என்பது தெரிந்தும், உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். பாய் கை தட்டினார். "கப்பலு போச்சு, நீங்க இங்கனதான இருக்கீய?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கப்பலைக் கொடுத்தார். அதையும் கணக்கில் சேர்த்தேன். ஆக இரண்டு கப்பல், இருபத்திரண்டு ரூபாய்.

எங்கள் கூட்டத்துக்குப் பொருநை என்று பெயர். நெல்லைக்காரர்களும், நெல்லையைவிட்டு வெளியே போனவர்களுமாக அறுபது, எழுபது பேர் இருந்தோம். ஒருவரையொருவர் பார்த்தால் முதல் வார்த்தை "சாப்பிட்டீயளா" என்பதாகத்தான் இருக்கும். அது பாயிடமிருந்து எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குப் பொதுவாக ஒரு கிட்டங்கி இருந்தது. கப்பல், தாது, காசு எல்லாம் அதில்தான். அந்தக் கிட்டங்கிக் கணக்கு என் கைக்கு வந்தது. வந்த முதல் வாரத்தில் நான் கண்டுபிடித்தது, போன வருஷம் பாய் புதியவர்களுக்குக் கொடுத்த கப்பல்கள் நூற்றுப் பன்னிரண்டு. அவர்களில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். மிச்சப்பேர் கப்பலோடு போய்விட்டார்கள்.

"இது என்ன வே, தண்ணியில போட்ட மாதிரி இருக்கு? இதை எந்தத் தலைப்புல எழுதட்டும்?" என்று கடைக்கே போய்க் கேட்டேன்.

அவர் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யாருக்கோ தகப்பன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார். "'வந்தவர் பங்கு'ன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு தலைப்பு கிடையாது."

"எங்க ரூம்ல இருந்துச்சு அண்ணாச்சி."

அவர் சவூதியில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். அறைக்குப் பன்னிரண்டு பேர் தங்கும் முகாம். ஊரிலிருந்து புதிதாக ஒருவன் வந்தால் அவனுக்குப் படுக்கை, போர்வை, வீட்டுக்குப் பேச ஒரு தொலைபேசி அட்டை, முதல் மாதச் சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை அறையிலிருப்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அவன் திருப்பித் தர வேண்டியதில்லை. அடுத்து ஒருவன் வரும்போது அவனும் பங்கு போட வேண்டும், அவ்வளவுதான். பங்கு போடுவதற்கு முன்பே வேறு ஊருக்கு மாறிப் போனவர்களும் உண்டாம். அவர்களை யாரும் குறை சொன்னதில்லையாம்.

நான் எழுதினேன். ஆனால் தலைப்பின் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

இவரிடம் எனக்குப் பிடிக்காத இன்னொரு பழக்கம், வந்த அன்றைக்கே கிட்டங்கிச் சாவியைக் கொடுத்துவிடுவது. எதிர்க் கூட்டங்கள் ஒற்றர்களைப் புதியவர்கள் போல அனுப்பும். உள்ளே வந்து கிட்டங்கியைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். இந்த விளையாட்டில் அது ஒரு தொழில். ஆகவே நான் ஒரு விதி எழுதினேன். புதியவர் பதினான்கு நாள் வெளியே காத்திருக்க வேண்டும். எங்களில் ஒருவரையாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரையாவது விதியை மீறி உள்ளே விட்டு நஷ்டம் வந்தால், விட்டவர் ஈடு கட்டிவிட்டுக் கூட்டத்திலிருந்து விலக வேண்டும். விலகியவரைத் திரும்பச் சேர்ப்பதில்லை.

அதைப் படித்துக் காட்டியபோதுதான் பாய் தன் கதையில் அந்த ஒரு நாளைச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அதைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

"நீங்க எங்கயாவது போய் எறங்கி, கூப்பிட ஆளு வராம நின்னிருக்கீயளா அண்ணாச்சி? எனக்கு இருபத்திரண்டு வயசு. விடியக்காலையில விமானம் எறங்கிச்சு. கம்பெனி ஆளு வரல. பெட்டிய ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சிக்கிட்டு சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் நின்னேன். உக்காந்தா, தேடி வாரவன் என்னைப் பாக்காம போயிருவானோன்னு உக்காரவும் இல்ல. ஒவ்வொருத்தரும் கதவத் தொறந்துக்கிட்டு வரும்போது நம்மளத்தான் பாக்குதானோன்னு இருக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பதினாலு நாளு ஜாஸ்தி."

நான் வாக்கெடுப்பு நடத்தினேன். விதிக்கு ஆதரவாக முப்பத்தாறு, எதிராகப் பத்தொன்பது. பாய் எதிராகக் கை தூக்கினார். முடிவு வந்ததும், "சரி, சட்டமாயிட்டு" என்றார். ஆனால் சட்டமான பதினேழாவது நாள் வந்த ஒருவனுக்கு வழக்கம் போலச் சாவியைக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் குரலே சரியில்ல அண்ணாச்சி, பாவம், வீட்டுல ஏதோ சண்டை போலிருக்கு" என்றார். நாலாவது நாள் கிட்டங்கி காலியாக இருந்தது. இருபத்து மூன்று பெரிய கப்பல், இரண்டு வருஷத் தாது, அத்தனை காசும் போயிருந்தன. அந்தக் குரல் சரியில்லாதவனும் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். நான் விதியை மூன்று பத்தியும் படித்தேன். படித்து முடித்ததும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று அப்புறம் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் பேசவில்லை. எல்லாரும் நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

"அண்ணாச்சி படிச்சது சரிதான்," என்றார் பாய். "எனக்கு ஒரு வாரம் தாங்க."

இந்த விளையாட்டில் நாம் வளர்த்த மாலுமியையே வேறொருவருக்கு விற்கலாம். நான்கு வருஷமாக வளர்த்த அந்த மாலுமியைப் பாய் விற்றார். அவருடைய பெயர், திறமை, பதக்கம் எல்லாம் வேறு யார் கைக்கோ போயிற்று. வந்த காசைக் கிட்டங்கியில் போட்டார். நான் எண்ணினேன். நஷ்டத்தைவிடச் சிறிது கூடுதலாக இருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். கூடுதல் என்பதால்தான் கூப்பிட்டேன். சரியாக இருந்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

"மிச்சத்த வந்தவர் பங்குல போட்டுருங்க," என்றார்.

போட்டேன். வருஷக் கடைசியில் அந்தத் தலைப்பையே மூடினேன்.

அதன் பிறகு ஐந்து மாதத்தில் பாய் கடையை எடுத்துவிட்டார். எல்லாரும் கைபேசியிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள், கடை வாடகைக்குக்கூட வரும்படி இல்லை என்று கேள்விப்பட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி சவூதிக்குப் போனார். போகிற அன்று காலை எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார், 'அண்ணாச்சி, போயிட்டு வாரேன்' என்று. வழியனுப்பப் போகலாமா என்று யோசித்தேன். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம் மூன்று கிலோமீட்டர். எலெக்ட்ரீஷியன் வருவதாகச் சொல்லியிருந்தான் என்று வீட்டில் இருந்துவிட்டேன். அவன் வரவில்லை.

ஆள் சேர்க்கிற வேலையும் என்னிடமே வந்தது. ஒரு வருஷத்தில் நான் சேர்த்தது ஒன்பது பேர். திருட்டு ஒன்றுகூட இல்லை. மாலையில் உள்ளே போனால் எழுபது பேர் இருந்த இடத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தொடக்க நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. குரலில் பேசச் சொன்னேன், முடியாது என்று பதில் வந்தது. எழுத்தில்தான் பேசினோம்.

"பெயர்?"

"புதுசு."

"உண்மைப் பெயரைக் கேட்கிறேன்."

"இங்கே இதுதான் பெயர்."

"ஏன் குரலில் பேச முடியாது?"

"இருக்கிற இடம் அப்படி. நெட் நிற்காது."

"எங்களில் யாரையாவது தெரியுமா?"

"தணிக்கையைத் தெரியும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒற்றர்கள் முதலில் கணக்குப் பார்க்கிறவன் பெயரைத்தான் தெரிந்துகொண்டு வருவார்கள். "தணிக்கையை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன், நான்தான் தணிக்கை என்பதைக் காட்டிக்கொள்ளாமல்.

"நல்ல மனிதர்."

"தணிக்கைக்கு உங்களைத் தெரியாது. பதினான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்."

அடுத்த வரி வந்தது. "உள்ளே விட வேண்டாம். வழி மட்டும் யாராவது காட்டினால் போதும். வந்து வெளியே நின்றுகொள்கிறேன்."

"விதியில் இடமில்லை."

"சரி. சாப்பிட்டீங்களா?"

எங்கள் கூட்டத்து வழக்கத்தைக்கூடப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பதில் எழுதாமல் பேச்சை மூடினேன். மணி பத்து ஐம்பத்திரண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணிக்குப் பார்த்தபோது அந்தக் கப்பல் தொடக்க நிலையத்து வாசலிலேயே நின்றது. அசையாமல், விளக்கு எரிந்துகொண்டு. ஆளின் பிடிவாதத்தைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டே கால் மணிக்கு அது கிளம்பிப் போயிற்று.

அடுத்த ஆண்டு சித்திரையில் மேலப்பாளையம் சந்தைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். தேநீர்க் கடை உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, என்ன வெயில்ல நிக்கீய? வாங்க."

பாய்தான். விடுமுறையில் வந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தூசியைக் கையால் தட்டிவிட்டு, என்னை உட்காரவைத்தார். இரண்டு தேநீர் சொன்னார். என் மூட்டுவலியைக் கேட்டார், மகனைக் கேட்டார், பிறகு கூட்டத்தைக் கேட்டார்.

"ஒரு பைசா போகல," என்றேன். எனக்கு அதைத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. "ஒற்றனுவ வராம இல்ல. போன ஐப்பசியில ஒருத்தன் வந்தான் பாரும். குரல் குடுக்க மாட்டேங்கான். பேரு கேட்டா 'புதுசு'ங்கான். யாரைத் தெரியும்னு கேட்டா என் பேரையே சொல்லுதான், என்கிட்டயே. எப்படி இருக்கு கத?"

பாய் கண்ணாடித் தம்ளரை மேசையில் வைத்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"கெட்டிக்காரன்தான்," என்றார்.

"நான் விடுவனா? பன்னெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டேன். அந்தாலயே மூணு மணி நேரம் நின்னு பாத்தான் பய."

"பொறவு என்ன ஆனான்?"

"யாரு கண்டா. போயிருப்பான்."

"ஆறாவது வாசல்ல அடிச்சிட்டாங்க அண்ணாச்சி. அதே எடம்தான். உங்க மொத கப்பலு உடைஞ்சதுல்லா, அங்கன."

"உமக்கு எப்படி வே தெரியும்?"

அவர் தம்ளரைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டார். சந்தையில் யாரோ மாட்டுக்கு விலை கூவுவது கேட்டது. புதுசு வந்தது வெள்ளிக்கிழமை என்று நான் நினைத்துக்கொண்டேன். சவூதியில் விடுமுறை நாள். காலை பத்தே முக்கால் என்றால் அவர்களுக்கு எட்டே கால். இரண்டே கால் என்றால் அவர்களுக்குப் பதினொன்றே முக்கால், ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும் முன் தனியாக வந்து பார்த்த நேரம். எண்ணுவதற்கு இவ்வளவு இருந்தும் அன்று நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

"பேரச் சொல்லியிருக்கப்பிடாதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க போட்ட சட்டத்த நீங்களே மீறணும். இல்லேன்னா என் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லணும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? வெளிய போனவன் வரப்பிடாது, சரி. புதுசா வாரவன் வரலாம்லான்னு பாத்தேன்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."

"போடலாம்தான்." சிரித்தார். "மொத மாசம் அது. ரூம்ல இருக்கவன் பூரா சின்னப் பயலுவ, வேற வேற பாஷை. வேலைக்குப் போயிட்டு வந்தா பேச ஆளு இல்ல. யாராவது முன்னால போய் நின்னு, 'வாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு அண்ணாச்சி. நசீபு இல்ல, குடுத்து வைக்கல. விடுங்க. டீ ஆறுது."

நான் குடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திரும்ப வாரும், விதியை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன், நானே வந்து பதினொரு வாசலும் முன்னால் போகிறேன் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இப்ப நேரம் இல்ல அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைதான் ஒரு லீவு. அன்னைக்கு விமான நிலையத்துக்குப் போகணும். வாரம் ஒருத்தனாவது புதுசா வாரான். கம்பெனி வண்டி எந்நேரம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

தேநீருக்கு நான் காசு கொடுக்கப் போனேன். கடைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டி, வாங்கவிடாமல் செய்துவிட்டார். என்னோடு பேருந்து நிறுத்தம்வரை வந்தார். பேருந்து வர இருபது நிமிஷம் ஆயிற்று. போகச் சொன்னேன், போகவில்லை. நான் ஏறி, சீட்டுப் பிடித்து, சன்னல் வழியாகப் பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் திருவனந்தபுரம் வழியாகப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பண்டிகைக்குச் செய்தி வரும். நானும் அனுப்புவேன். அதில் விளையாட்டைப் பற்றி ஒன்றும் இருக்காது.

சந்தையில் அவரைப் பார்த்த அன்று மாலையே நான் விதியை நீக்கினேன். வந்தவர் பங்கு என்ற தலைப்பை மறுபடி திறந்தேன், கேள்விக்குறி இல்லாமல். இப்போது தினமும் நான்கு மணிக்குத் தொடக்க நிலையத்துக்குப் போகிறேன். பெரும்பாலான நாள் யாரும் வருவதில்லை. வந்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். அவர் கேட்டது போல எனக்கு வரவில்லை. வருமானச் சான்று கேட்பது போல இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

'புதுசு' என்ற பெயர் தொடக்க நிலையத்துப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் கடைசியாக வந்த நாள் என்று அந்த வெள்ளிக்கிழமையே காட்டுகிறது. ஒருவர் இல்லாதபோதும் அவர் பெயரில் கப்பல் வாங்கி நிலையத்தில் நிறுத்தி வைக்கலாம், அவர் என்றைக்கு வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். சந்தையிலிருந்து வந்த அன்றே செய்தது. அது வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. தினமும் போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்த ஐப்பசி மழையில், பத்து நாற்பதுக்குக் கேட்டபோதே கொடுத்திருந்தாலும் எனக்கு இதற்கு மேல் ஆகியிருக்காது. கப்பல் பதினொன்று, திரும்பிப் போக எரிபொருள் நான்கு, ஆக ரூபாய் பதினைந்து.